பத்துக் கூட்டம், ஒரு கொப்பி: யாழ்ப்பாணச் சாப்பாட்டின் பல்வகைமையை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடம் மனைப்பொருளியல் படிப்பித்து இளைப்பாறியவள் நான். இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். கிளினிக்கில் "பலவகையான உணவு சாப்பிடுங்கோ" என்று சொல்லி அனுப்பப்பட்ட கர்ப்பிணிப் பிள்ளைகள், சீனி வருத்தம் வந்த அண்ணன்மார், வெளிநாட்டிலிருந்து அம்மா அப்பாவை நினைத்துக் கவலையோடு அழைக்கும் பழைய மாணவிகள் என்று பலரும் வருகிறார்கள். சுற்றிச் சுற்றி எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: பலவகை என்றால் எத்தனை வகை, நாங்கள் அப்படிச் சாப்பிடுகிறோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் மதியம் நாலு கறி வைப்போம். அது பலவகை இல்லையா?

என்னென்ன கறி என்பதைப் பொறுத்தது. போன மாதம் ஒரு பிள்ளை இதையே கேட்டாள். அன்றைய கறிகளைச் சொல்லச் சொன்னேன். உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், மரவள்ளிக்கிழங்குக் கறி, ஒரு சொதி. நாலும் சோற்றோடு. வாய்க்கு நாலு ருசிதான், சந்தேகமில்லை. ஆனால் உருளைக்கிழங்கும் வாழைக்காயும் மரவள்ளியும் சோறும் உடம்புக்குத் தருவது முக்கியமாக மாச்சத்து. சத்துக் கணக்கில் அவை நாலும் ஒரே கூட்டம்.

அதனால் பல்வகைமையை அளப்பவர்கள் கறிகளை எண்ணுவதில்லை. ஒரே மாதிரிச் சத்து தரும் உணவுகளை ஒரு கூட்டமாகக் கட்டி, ஒரு நாளில் எத்தனை கூட்டத்திலிருந்து சாப்பாடு வந்தது என்று எண்ணுகிறார்கள்.

அந்தக் கூட்டங்கள் எவை?

ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2016இல் வெளியிட்டு 2021இல் திருத்திய ஓர் அளவுகோல் இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையான பெண்களுக்காக அமைத்தது. அதில் பத்துக் கூட்டங்கள். எங்கள் சாப்பாட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது தானியமும் மாக்கிழங்கும்: சோறு, பிட்டு, இடியப்பம், பாண், குரக்கன், ஒடியல், மரவள்ளி, இராசவள்ளி, உருளைக்கிழங்கு, வாழைக்காய் எல்லாம் இதற்குள் அடக்கம். இரண்டாவது பருப்பு, பயறு, உழுந்து, கௌபி, கடலை. மூன்றாவது கொட்டையும் விதையும்: கச்சான், எள்ளு, கஜு. நாலாவது பால், தயிர், மோர். ஐந்தாவது மீன், இறைச்சி, கோழி, நண்டு, இறால், கணவாய், கருவாடு. ஆறாவது முட்டை. ஏழாவது கரும்பச்சை இலைகள்: முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, பசளி. எட்டாவது விற்றமின் ஏ நிறைந்த மஞ்சள், செம்மஞ்சள் காய்களும் பழங்களும்: மஞ்சள் பூசணி, கரட், பழுத்த மாம்பழம், பப்பாப்பழம். ஒன்பதாவது மற்ற மரக்கறிகள்: கத்தரி, வெண்டி, பாவற்காய், புடலங்காய், பயற்றங்காய், தக்காளி, முருங்கைக்காய். பத்தாவது மற்றப் பழங்கள்: வாழைப்பழம், கொய்யா, தோடை, அன்னாசி.

ஒரே மரத்து இலை ஏழாவதிலும் காய் ஒன்பதாவதிலும் நிற்பதைக் கவனியுங்கள். முருங்கையை வேலியில் வைத்திருப்பவர்கள் இரண்டு கூட்டத்தை வேலியிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஒரு கூட்டத்தை எண்ண வேண்டுமென்றால் குறைந்தது 15 கிராமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. கறியில் போட்ட நாலு கறிவேப்பிலையும் சம்பலில் தூவிய மாசியும் கணக்கில் வராது.

பத்தில் எத்தனை வந்தால் சரி?

ஐந்து. கேட்கும் நாளுக்கு முதல் நாள் பகலும் இரவும் சேர்த்து, பத்தில் ஐந்தோ அதற்கு மேலோ வந்திருந்தால் குறைந்தபட்சப் பல்வகைமை கிடைத்தது என்று கொள்கிறார்கள்.

ஐந்து என்பது சும்மா எடுத்த எண் அல்ல. ஆறு நாடுகளில் சேகரித்த ஒன்பது உணவுத் தரவுத் தொகுதிகளில், பெண்கள் சாப்பிட்டதைக் கிராம் கணக்கில் பார்த்து, 11 நுண்ணூட்டங்கள் போதுமான அளவு கிடைத்திருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள். இரும்பு, நாகம் (சிங்க்), கல்சியம், விற்றமின் ஏ, சி, பி வகைகள் எல்லாம் அதில் அடங்கும். எந்தப் புள்ளிக்கு மேல் அந்த வாய்ப்பு நல்ல நிலைக்கு வருகிறது என்று தேடியபோது ஐந்தில் கோடு கீறலாம் என்று தெரிந்தது. கிராம் தராசும் ஆய்வுகூடமும் இல்லாத இடத்தில், கேள்வி கேட்டு விரலை மடக்கியே ஓரளவு நம்பகமான விடை எடுக்கலாம் என்பதுதான் இதன் பெரிய நன்மை. 2025 மார்ச்சில் ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளின் குறிகாட்டிகளிலும் இதைச் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டை வைத்து எண்ணிக் காட்டுவீர்களா?

சாப்பிட்டதை எழுதி வரச் சொன்ன ஒருவருடைய கொப்பியிலிருந்து ஒரு நாளை அப்படியே எடுக்கிறேன். காலை பாண், தேங்காய்ச் சம்பல், பருப்புக் கறி. பத்து மணிக்குப் பால்மா போட்ட தேத்தண்ணி, இரண்டு பிஸ்கற். மதியம் சோறு, விளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்கு. பின்னேரம் பிளேன்ரீ. இரவு பிட்டும் மிஞ்சின மீன்குழம்பும், ஒரு கதலி வாழைப்பழம்.

பாண், சோறு, உருளைக்கிழங்கு, பிட்டு நாலும் சேர்ந்து ஒன்று. பருப்பு இரண்டு. மீன் மூன்று, இரவு திரும்பச் சாப்பிட்டாலும் மூன்றுதான். கத்தரிக்காய் நாலு. வாழைப்பழம் ஐந்து. மட்டுமட்டாகக் கோட்டைத் தொட்டுவிட்டது. அந்தக் கதலியை மறந்திருந்தால் நாலோடு நின்றிருக்கும். காலையில் பருப்புக்குப் பதிலாகச் சம்பலோடு மட்டும் பாணை முடித்திருந்தாலும் நாலுதான்.

இப்போது வராத கூட்டங்களைப் பாருங்கள். கொட்டை விதை இல்லை, பால் இல்லை (தேத்தண்ணிப் பால் ஏன் சேராது என்று கீழே சொல்கிறேன்), முட்டை இல்லை, இலை இல்லை, மஞ்சள் இல்லை. புள்ளியைவிட இந்தப் பட்டியல்தான் எனக்கு வேலைக்கு உதவுகிறது. அடுத்த நாள் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறபோது ஒரு துண்டு பூசணியும் ஒரு பிடி பொன்னாங்காணியும் எடுத்து வரச் சொன்னேன். அவ்வளவுதான், சமையல் முறையை மாற்றச் சொல்லவில்லை.

சொதி, சம்பல், பால்கறி எல்லாவற்றிலும் தேங்காய் இருக்கிறதே, அதற்குப் புள்ளி இல்லையா?

நான் கொடுப்பதில்லை. எங்கள் வீடுகளில் தேங்காய் சேராத கறி இல்லை. அதை எண்ணினால் எல்லா வீட்டுக்கும் ஒரு புள்ளி சும்மா ஏறும், ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரித்துக் காட்டாது. பெரும்பாலும் அது தருவது கொழுப்பு.

அதற்காகத் தேங்காயைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். முருங்கையிலை வறையில் தேங்காய்ப்பூ போடுவது ருசிக்கு மட்டுமல்ல. இலையில் உள்ள கரோட்டின், உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறும் பொருள், கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். வறையை இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. தேசிப்புளியின் விற்றமின் சி இலையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் அந்த விற்றமின் கெட்டுப்போகும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது இதற்கு நேர் எதிர்: தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். கர்ப்பிணிப் பிள்ளைகளுக்கு இதை நான் அலுக்காமல் சொல்வேன்.

பால் தேத்தண்ணியும் ஐஸ்கிரீமும் பால் கூட்டத்தில் வருமா?

வராது. தேத்தண்ணியில் கலக்கிற பால் கொஞ்சம், ஐஸ்கிரீம் இனிப்புப் பக்கம். ஒரு தம்ளர் பாலோ ஒரு கிண்ணம் தயிரோ குடித்தால், சாப்பிட்டால் எண்ணலாம்.

ஒடியல் கூழுக்கு எத்தனை புள்ளி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எங்கள் மாமி கூழ் காய்ச்சும் நாளில் முற்றத்தில் பெரிய பானை ஏறும். ஒடியல் மாவை முதலே தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கசப்பை எடுத்திருப்பார். பானையில் ஒரு பிடி அரிசி, மரவள்ளித் துண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை. அவை வேகும்போது மீன் தலை, நண்டு, இறால், கணவாய். பிறகு முருங்கையிலை. கடைசியில் பழப்புளியில் கரைத்த ஒடியல் மாவும் அரைத்த செத்தல் மிளகாயும். பிலாவிலையைக் கோலி, ஊதி ஊதிக் குடிப்போம்.

எண்ணிப் பார்ப்போம். ஒடியல், அரிசி, மரவள்ளி சேர்ந்து ஒன்று. மீன், நண்டு, இறால், கணவாய் நாலும் வந்தாலும் ஒரே கூட்டம், ஆக இரண்டு. முருங்கையிலை மூன்று. பச்சையாக நறுக்கிப் போட்ட பயற்றங்காய் மரக்கறிக் கூட்டம், நாலு. பலாக்கொட்டையை நான் எண்ணாமல் விடுகிறேன். ஒரே பானையில், ஒரே நேரத்தில் நாலு கூட்டம் என்பது சாதாரண விஷயமல்ல. அதன் பிறகு ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டினால் ஐந்து.

ஒன்று மட்டும் பாருங்கள். இப்போது சிலர் காய்ச்சும் கூழில் இறால் மிதக்கிறது, இலையைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு பிடி இலை கூடப் போட்டால் கூழ் கெடாது.

நல்லூர் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. புள்ளி விழுந்துவிடுமா?

மீனும் முட்டையும் போனால் மிச்சம் எட்டுக் கூட்டம் இருக்கிறது. எட்டில் ஐந்து எடுப்பது கடினமல்ல. விழுவது வேறு காரணத்தால். மச்சம் இல்லாத நாளில் பலர் மீன்குழம்பு இருந்த இடத்தில் இன்னொரு கிழங்குக் கறியை வைத்துவிடுகிறார்கள். கிழங்கு ஏற்கெனவே சோறு இருக்கும் கூட்டம். அந்த இடத்தில் கடலைக்கறியோ பயறுக் கறியோ வந்தால் புரதமும் வரும், புள்ளியும் நிற்கும். உழுந்து வடையும் எள்ளுப்பாகும் மோரும் எங்கள் விரதச் சாப்பாட்டில் பழைய காலத்திலிருந்தே இருப்பவைதானே. வெள்ளிக்கிழமைகளுக்கும் கந்தசஷ்டிக்கும் இதே கணக்குத்தான்.

ஆண்டு முழுவதும் சைவமாக இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விற்றமின் பி12 விலங்கு உணவில்தான் இயற்கையாக உண்டு. பால், தயிரை ஒழுங்காக எடுங்கள். பாலும் வேண்டாம் என்றால் வைத்தியரோடு கதைத்துக் குளிசை பற்றி முடிவெடுங்கள்.

எனக்கு ஒவ்வொரு நாளும் ஆறு ஏழு வருகிறது. அப்படியென்றால் நான் ஆரோக்கியமாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்த அளவுகோல் ஓர் ஊரின் நிலையை, ஒரு மாவட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளச் செய்தது. நூறு பெண்களில் எத்தனை பேர் ஐந்தைத் தொட்டார்கள் என்று பார்த்தால் நம்பலாம். ஒரு தனி ஆளின் ஒரு நாள் புள்ளி அவருடைய உடல்நிலைச் சான்றிதழ் அல்ல. நேற்றுக் கலியாண வீட்டுக்குப் போனவருக்கு ஒன்பது வரும், இன்று காய்ச்சலில் கஞ்சி குடித்தவருக்கு ஒன்று வரும்.

இன்னொன்று, அது பார்க்காதவை நிறைய. எவ்வளவு சோறு என்று பார்க்காது. சீனி வருத்தம் உள்ள அண்ணன் ஒருவர் கொப்பியில் ஏழு புள்ளி காட்டினார். கோப்பையைப் பார்த்தால் சோறு மலை மாதிரி, ஏழு கறியும் அதன் அடிவாரத்தில் ஒவ்வொரு கரண்டி. புள்ளி பொய் சொல்லவில்லை, அவருக்கு வேண்டிய கேள்வியை அது கேட்கவேயில்லை. உப்பையும் எண்ணெயையும் சீனியையும் அது பார்ப்பதில்லை. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாகவும், மரக்கறியும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராமும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் விரும்பும் ஊர் எங்களுடையது. உப்பைத் தனியாகக் கவனிக்கத்தான் வேண்டும்.

பல்வகைமைக்கும் ஆரோக்கியத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

நுண்ணூட்டச் சத்து விஷயத்தில் உண்டு, அது வலுவானது. எந்தத் தனி உணவிலும் எல்லாச் சத்தும் இல்லை. மீனில் இருப்பது கீரையில் இல்லை, கீரையில் இருப்பது சோற்றில் இல்லை. சிறுபிள்ளைகளின் வளர்ச்சியிலும் இது தெரிகிறது: 2004இல் 11 நாடுகளின் குடும்பநலக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்தபோது, வீட்டு வசதியைக் கழித்துப் பார்த்த பிறகும், பலவகை உண்ட பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் பெரும்பாலான நாடுகளில் முன்னிலையில் இருந்தார்கள்.

ஆனால் உடல் எடை என்று வந்தால் கதை மாறும். அமெரிக்க இதயச் சங்கம் 2018இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பலவகை உண்பது வளர்ந்தவர்களின் எடையைக் கட்டுக்குள் வைக்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சில ஆய்வுகளில் வகை கூடக் கூடச் சாப்பிடும் அளவும் கூடியிருந்தது. பிஸ்கற், கேக், மிக்சர் என்று கூடுவதும் வகைதானே.

ஏன் அப்படி? 1981இல் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் செய்த பரிசோதனை இதை விளக்குகிறது. ஒரே உள்ளீடு வைத்த சான்ட்விச்சைக் கொடுத்தபோது ஆட்கள் ஓரளவில் நிறுத்திவிட்டார்கள். நாலு விதமான உள்ளீட்டோடு கொடுத்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடச் சாப்பிட்டார்கள். ஒரு ருசி அலுத்தாலும் வாய் அடுத்த ருசிக்குத் தயாராகவே இருக்கும். பிறந்தநாள் வீட்டில் கட்லற் இரண்டோடு போதும் என்றவர் பற்றிஸ் வந்ததும் கை நீட்டுவது இதனால்தான். மரக்கறியில், கீரையில், பழத்தில், பருப்பில் வகையைக் கூட்டுங்கள். பேக்கரித் தட்டில் கூட்டினால் பலன் தலைகீழாகிவிடும்.

இதைவிட வேறு அளவுகோல்கள் உண்டா?

நிறைய உண்டு. வீட்டு வசதியைத் தெரிந்துகொள்ளப் பயன்படுத்தும் 12 கூட்ட அளவுகோல் ஒன்றில் எண்ணெயும் சீனியும் கூடத் தனிக் கூட்டங்கள். அது வீட்டில் வாங்க வழி இருக்கிறதா என்று கேட்கிறது, சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "எங்கள் புள்ளி கூட" என்று சந்தோசப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

உலக உணவுத் திட்டம் ஏழு நாள் கணக்கு எடுக்கும். ஒரு கூட்டம் கிழமையில் எத்தனை நாள் வந்தது என்று எண்ணி, அதை ஒரு நிறையால், அதாவது அந்தக் கூட்டத்துக்குக் கொடுத்த முக்கியத்துவ எண்ணால், பெருக்குவார்கள்: மீன் இறைச்சிக்கும் பாலுக்கும் 4, பருப்புக்கு 3, தானியத்துக்கு 2, மரக்கறிக்கும் பழத்துக்கும் தலா 1, எண்ணெய்க்கும் சீனிக்கும் அரை.

கணக்கில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு இன்னொன்று. எட்வர்ட் சிம்சன் 1949இல் பல்வகைமையை அளக்க ஒரு சூத்திரம் தந்தார். உயிரினங்களை எண்ணுபவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், உணவுக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் உணவின் பங்கையும் வர்க்கித்துக் கூட்டி ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். கோப்பையில் நூற்றுக்கு 80 பங்கு சோறு, இரண்டு கறி பத்துப் பத்து என்றால்: 0.64, 0.01, 0.01 கூட்டினால் 0.66, ஒன்றிலிருந்து கழித்தால் 0.34. சோற்றை 50 ஆக்கி ஐந்து கறியைப் பத்துப் பத்தாக வைத்தால் 0.70. நான் சொன்ன அந்த அண்ணனுடைய சோற்று மலையை இந்தச் சூத்திரம் உடனே பிடித்துவிடும்! ஆனால் அதற்குக் கீரையும் கேக்கும் ஒன்றுதான். அந்தக் குறையைத் தீர்க்க 2007இல் ஜெர்மனியில், ஆரோக்கியமான உணவுக்குக் கூடுதல் நிறை கொடுக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்குப் பத்துக் கூட்டமே போதும் என்பது என் எண்ணம். அடுப்படியில் நின்றுகொண்டு வர்க்கம் பார்க்க யாருக்கு நேரம்?

ஒரு நாளைக்கு முப்பது வகை சாப்பிட வேண்டும் என்று எங்கோ கேட்டேன்.

அது ஜப்பானில் 1985இல் சொன்னது. ஒரு நாளைக்கு 30 உணவு என்பது அவர்களுடைய வழிகாட்டியில் இருந்தது. 2000இல் வழிகாட்டியைப் புதுப்பித்தபோது அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். இலக்கு வைத்து ஓட வேண்டாம்.

குழந்தைக்கும் இதே பத்துத்தானா?

இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்து இரண்டு வயது நிறையும் வரை எட்டுக் கூட்டக் கணக்கு: தாய்ப்பாலே ஒரு கூட்டம். மற்றவை தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டையும், பால் உணவு, மீன் இறைச்சி, முட்டை, விற்றமின் ஏ உள்ள காய் பழம், மற்றக் காய் பழம். எட்டில் ஐந்து வர வேண்டும்.

பலர் மாதக்கணக்காகச் சோற்றையும் பருப்பையும் மசித்து, அதையே மூன்று வேளையும் கொடுக்கிறார்கள். பிள்ளை விரும்பிச் சாப்பிடுகிறது என்பதும் உண்மை. அந்தச் சோற்றுக்குள் மசித்த பூசணி ஒரு கரண்டி, முள் பார்த்து எடுத்த மீன் கொஞ்சம், இன்னொரு வேளைக்கு அரை முட்டை என்று மாற்றிப் பாருங்கள். துப்பினால் பயப்பட வேண்டாம். ஒரு புது ருசியைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்துத் தடவை கூட ஆகலாம். இரண்டாம் நாளே "இவனுக்குப் பூசணி பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கொட்டையை முழுதாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும், அரைத்துக் கலவுங்கள்.

அம்மா தனிய இருக்கிறா. தொலைபேசியில் கேட்டால் "சாப்பிட்டனான்" என்றுதான் சொல்கிறா. எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வி என் நெஞ்சைத் தொடும். அம்மா காலமான பிறகு அப்பா தனிய இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட்டனீங்களோ அப்பா?"

"ஓம் பிள்ளை, சாப்பிட்டனான்."

ஒரு நாள் கேள்வியை மாற்றினேன். "நேற்று விடிய எழும்பினதிலயிருந்து என்னென்ன வாயில வைச்சனீங்கள், ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ." பாண், சம்பல், தேத்தண்ணி. மதியம் சோறும் பருப்பும். இரவு திரும்பப் பாணும் வாழைப்பழமும். முந்தநாள்? அதேதான். மூன்று நாளில் ஒரு மரக்கறி இல்லை, ஒரு மீன் இல்லை. காசில்லாமல் அல்ல. ஒரு ஆளுக்காக மீன் வெட்டிக் கழுவ மனம் வரவில்லை, பல்லும் சரியில்லை. "சாப்பிட்டனான்" என்றது பொய்யும் இல்லை.

அதன்பிறகு பக்கத்து வீட்டு அக்கா குழம்பு வைக்கும்போது அவருக்கும் ஒரு கிண்ணம் என்று ஒழுங்கு செய்தோம். முட்டை அவிப்பது அவருக்குச் சிரமமில்லை. பப்பா மரம் முற்றத்திலேயே நின்றது, பழத்தை வெட்டி வைக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

ஜப்பானில் வயதானவர்களுக்கென்றே 2003இல் பத்து உணவு அளவுகோல் ஒன்று வந்தது. மீன், இறைச்சி, முட்டை, பால், சோயா, பச்சை மஞ்சள் மரக்கறி, கிழங்கு, பழம், கடற்பாசி, எண்ணெய். அநேகமாக ஒவ்வொரு நாளும் சாப்பிடுபவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. சோற்றுக்குப் புள்ளியே இல்லை என்பதைப் பாருங்கள். வயதானவர் சோறு சாப்பிடுவார், குறைவது மற்றவைதான் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். கடற்பாசியை விட்டுவிட்டு அம்மாவிடம் அந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

இதெல்லாம் காசுள்ளவர்களுக்குத்தானே?

மீனும் பாலும் முட்டையும் விலை கூடியவை, மறுக்கவில்லை. 2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்ததையும், பால்மாவுக்கு வரிசையில் நின்றதையும் மறக்க முடியுமா? அந்த நாட்களில் கொப்பியில் முதலில் காணாமல் போனவை பாலும் முட்டையும்தான்.

ஆனால் இலைக்கும் மஞ்சளுக்கும் காசு பெரிய தடை அல்ல. எங்கள் செம்மண்ணில் முருங்கைத் தடி ஒன்றை நட்டுவிட்டால் அது வளரும். அகத்தி, பப்பா, தேசி ஒவ்வொன்று, கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும். விளைமீன் வாங்க முடியாத நாளில் சூடை மீன் போதும், கூட்டம் ஒன்றே. பொடிமீனை முள்ளோடு மென்று சாப்பிட்டால் கல்சியமும் வரும். பயறு, கௌபி, கடலை அவித்தால் பின்னேரம் பிஸ்கற் தேவையில்லை.

ஒவ்வொரு நாளும் முருங்கையிலை சாப்பிட்டால் போதாதா?

புள்ளிக்குப் போதும். ஆனாலும் கூட்டத்துக்குள்ளும் மாற்றுங்கள். இலைக்கு இலை சத்தின் அளவு மாறும். மழை தொடங்கினால் முற்றத்து ஓரத்தில் முளைக்கீரை தானாக வரும், வேலியில் முசுட்டை படரும். அந்தந்தக் காலத்தில் வருவதைப் பறித்தாலே வருடத்தில் பத்துப் பன்னிரண்டு இலை சாப்பிட்டுவிடலாம். இலைக்கஞ்சி காய்ச்சினால் ஒரு பானையில் நாலைந்து இலை போகும்.

விற்றமின் குளிசை போட்டால் பல்வகைமை தேவையில்லையா?

கிளினிக்கில் தரும் இரும்பு, போலிக் அமிலக் குளிசைகளைத் தவறாமல் எடுங்கள். அவை சாப்பாட்டின் இடத்துக்கு வராது; நார்ச்சத்தும் புரதமும் குளிசையில் இல்லை.

கொப்பி எழுதுவதென்றால் எப்படி, எத்தனை நாளைக்கு?

பழைய பயிற்சிக் கொப்பி ஒன்று போதும். காலை எழும்பி, முதல் நாள் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை சாப்பிட்டதை நேர வரிசையில் எழுதுங்கள். கறியின் பெயரோடு நிற்காமல் அதற்குள் என்ன போட்டது என்றும் எழுத வேண்டும். "சாம்பார்" என்று மட்டும் எழுதினால் எண்ண முடியாது. பிறகு திரும்ப ஒருமுறை வாசித்து, இடையில் வாயில் போட்டவற்றைக் கேளுங்கள்: ஒரு பிடி கச்சான், பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை மிச்சம் விட்ட மாம்பழத் துண்டு, கோயிலில் வாங்கிய கடலைச் சுண்டல். மறப்பது பெரும்பாலும் இவற்றைத்தான், புள்ளியைக் கூட்டுவதும் பல வேளை இவைதான்.

ஒரு கிழமையில் மூன்று நாள் போதும், அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டாம். ஒன்று வெள்ளிக்கிழமையாகவும் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தால் நல்லது, ஏனென்றால் எங்கள் வீடுகளில் அந்த இரண்டு நாளும் இரண்டு உலகம். வீட்டில் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் ஏழு வந்து, சமைத்தவளுக்கு நாலு வந்த கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. கடைசியாக இருந்து சாப்பிடும்போது மீன் துண்டு முடிந்திருக்கும், குழம்புதான் மிச்சம். அப்படி வந்தால் அடுத்த நாள் சட்டியிலிருந்து முதல் துண்டை அவளுடைய கோப்பைக்கு எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.